இடிச் சத்தத்துக்கு ஓர் உண்டியல்

ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டையில் தீர்ப்புச் சொல்லவேண்டிய இக்கட்டு 2012-ல் எனக்கு வந்தது. அதுவும் போனில். அதுவும் இங்கிலாந்திலிருந்து!

நண்பர் அப்போது டான்காஸ்டர் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். படு சிக்கனம். பஸ்ஸில் போகிற தூரத்தை நடந்தே கடந்து, மிச்சமான சில்லறையை எண்ணிப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ரகம். அப்பேர்ப்பட்ட மனிதர், ஒரு பழைய போர் விமானத்தின் எஞ்சின் பழுதாகிவிட்டது என்று கேள்விப்பட்டு, அதைச் சரிசெய்ய ஐம்பது பவுண்டு நன்கொடை அனுப்பிவிட்டார். விஷயம் வீட்டில் தெரிந்துபோயிற்று.

போனைப் பிடுங்கிக்கொண்டு அவர் மனைவி பேசினார். "அண்ணே, நீங்களே சொல்லுங்க. ஊர்ல இவர் தங்கச்சி வீட்டு ஓடு ஒழுகுது. மழைக்கு முன்னாடி மாத்தணும், கொஞ்சம் அனுப்புண்ணேன்னு அது ரெண்டு தடவை போன் பண்ணிடுச்சு. அடுத்த மாசம் பாக்கலாம்னு சொன்ன மனுஷன், வெள்ளைக்காரன் குண்டு போட வச்சிருந்த பிளேனுக்கு மொய் எழுதியிருக்காரு. இது நியாயமா?"

"நாளைக்குக் கூப்பிடறேம்மா" என்று சொல்லித் தப்பித்தேன். தீர்ப்புச் சொல்லத் தெரியாதவர்கள் எல்லா நீதிமன்றங்களிலும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வாய்தா!

அன்று ராத்திரி அந்த விமானத்தைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். பெயர் வல்கன். ரோமானியர்களின் நெருப்புக் கடவுள், கொல்லர்களின் தெய்வம். தயாரித்தது ஆவ்ரோ கம்பெனி. (நம் விமானப்படையில் பல வருடங்கள் 'ஆவ்ரோ' என்றே அழைக்கப்பட்ட விமானமும் அந்த வீட்டுப் பிள்ளைதான்.) முதல் வல்கன் பறந்தது 1952 ஆகஸ்ட் 30. ஒரு பெரிய முக்கோணம். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை 111 அடி. உடம்பெல்லாம் கொக்கு மாதிரி வெள்ளை வெளேர் பெயின்ட். பார்க்க அவ்வளவு அழகு.

அந்த வெள்ளை அழகுக்காக அடித்ததல்ல. தான் போட்ட குண்டின் வெப்பம் தன்னையே பொசுக்கிவிடாமல் திருப்பி அனுப்புவதற்காக.

ஆமாம், அணுகுண்டு. வல்கன் சுமப்பதற்கென்று இருந்த குண்டுகளில் ஒன்றின் பெயர் 'மஞ்சள் சூரியன்'. அதன் இரண்டாவது ரகம், ஹிரோஷிமாவில் விழுந்ததைப்போல் சுமார் எழுபது மடங்கு. ரஷ்ய ஏவுகணை கிளம்பியது தெரிந்தால், அது வந்து விழுவதற்கு முன் பிரிட்டனுக்குக் கிடைக்கக்கூடிய அவகாசம் நான்கு நிமிடம் என்று கணக்கு வைத்திருந்தார்கள். அந்த நான்கு நிமிடத்துக்குள் வல்கன்கள் மேலே போய்விட வேண்டும். திரும்பி வர ஊர் இருக்குமா என்பது வேறு விஷயம்.

அந்த வேலை வரவே இல்லை. 1969-ல் அணு ஆயுதப் பொறுப்பு நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு மாறியது. வல்கன் உண்மையிலேயே குண்டு போட்டது 1982-ல், ஃபாக்லாந்து போரில்தான். மே 1-ம் தேதி ஒரு வல்கன் நடுக்கடலில் இருக்கும் அசென்ஷன் தீவிலிருந்து கிளம்பி, வழியெல்லாம் வேறு விமானங்களிடம் எண்ணெய் வாங்கிக் குடித்துக்கொண்டே போய், ஸ்டான்லி விமான நிலையத்தின் ஓடுபாதையில் 21 குண்டுகள் போட்டது. சாதாரணக் குண்டுகள். ஓடுபாதையில் விழுந்தது ஒன்று.

நம் கதையின் நாயகன் அந்த விமானமல்ல. இதன் எண் எக்ஸ்ஹெச்558. 1960-ல் படையில் சேர்ந்தது. பிற்பாடு கடலை வேவு பார்த்தது, கடைசிக் காலத்தில் மற்ற விமானங்களுக்கு எண்ணெய் ஊற்றியது. படையில் மிஞ்சிய கடைசி வல்கன் என்பதால் 1992 வரை கண்காட்சிகளில் பறந்து வித்தை காட்டியது. 1993-ல் தனியாருக்கு விற்றுவிட்டார்கள். கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் சில பேர் விடவில்லை. இதை மறுபடி பறக்கவைப்போம் என்று ஓர் அறக்கட்டளை ஆரம்பித்து, உண்டியல் குலுக்கத் தொடங்கினார்கள். லாட்டரிப் பணத்திலிருந்து பாரம்பரியத்தைக் காக்க ஒதுக்கும் நிதி 27 லட்சம் பவுண்டு கொடுத்தது. போதவில்லை. 2006 ஆகஸ்டில் பணம் அடியோடு தீர்ந்து, வேலை பார்த்தவர்களுக்கு நோட்டீஸ் கொடுக்கிற கட்டம். கடைசி நேரத்தில் சர் ஜாக் ஹேவர்ட் என்ற பணக்காரர் 5 லட்சம் பவுண்டு கொடுத்துக் காப்பாற்றினார். 2007 அக்டோபர் 18-ம் தேதி, பதினான்கு வருடம் தரையில் கிடந்த வல்கன் மேலே எழும்பியது.

எழும்பியதைப் பார்த்தவர்களைவிடக் கேட்டவர்கள் பாக்கியசாலிகள் என்கிறார்கள். வல்கனின் எஞ்சின் முழு வேகம் பிடிக்கும்போது காற்றை உறிஞ்சும் வாயிலிருந்து ஓர் ஊளை கிளம்பும். இடியும் அழுகையும் கலந்த மாதிரி. அதைக் கேட்கவே லட்சக்கணக்கில் கூட்டம் கூடியது.

இனி விபத்துக்கு வருவோம்.

புதுச் செருப்பு வாங்கினால் டப்பாவுக்குள் ஒரு சின்னப் பொட்டலம் இருக்குமே, 'தின்னாதே' என்று போட்டிருப்பார்களே, அந்த சிலிக்கா ஜெல். ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். விமானம் சும்மா நிற்கும்போது எஞ்சினில் ஈரம் சேரக்கூடாது என்று அதே சமாச்சாரத்தைப் பெரிய பைகளாக வைப்பார்கள். பறப்பதற்கு முன் எடுத்துவிட வேண்டும். 2012 மே 28-ம் தேதி எடுக்கவில்லை. மறந்துவிட்டார்கள்.

விமானம் டான்காஸ்டர் ஓடுபாதையில் வேகம் எடுத்தது. எஞ்சின் பையை உறிஞ்சியது. சுழல்கிற தகடுகளில் பை மோதினால் என்ன ஆகும்? மிக்ஸியில் ஸ்பூன் விழுந்த கதைதான். வல்கனின் ஒவ்வொரு இறக்கையிலும் இரண்டு எஞ்சின்கள் பக்கத்துப் பக்கத்தில், ஒரே வாசல் உள்ள ஒண்டுக்குடித்தனம் மாதிரி. முதல் எஞ்சின் உடைந்து துப்பிய துண்டுகளை இரண்டாவது விழுங்கியது. இரண்டும் போயின. நல்லவேளை, சக்கரம் தரையில் இருக்கும்போதே நடந்ததால் விமானி நிறுத்திவிட்டார். யாருக்கும் காயமில்லை.

பழுது பார்க்கலாம் என்றால் அது பழுது பார்க்கிற நிலையில் இல்லை. கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்ட வேண்டும். கடையில் கிடைக்குமா? ஒலிம்பஸ் என்ற அந்த எஞ்சின் வம்சத்தில் வந்த தம்பிதான் கான்கார்ட் விமானத்தை ஒலியைவிட வேகமாகப் பறக்கவைத்தது. ஆனால் வல்கனுக்குப் பொருந்தும் மூத்த அண்ணனை யாரும் இப்போது செய்வதில்லை. 1982-லேயே உறை போட்டுக் கட்டிவைத்த, ஒரு மணி நேரம்கூட ஓடாத எட்டு எஞ்சின்களை விமானத்தோடு சேர்த்து வாங்கிவைத்திருந்தார்கள். மிச்சம் இருந்ததில் இரண்டை எடுத்து மாட்டினார்கள். எஞ்சின் கையிருப்பில் இருந்தாலும் மாட்டுகிற செலவு, சோதிக்கிற செலவு, இறக்கையின் உட்புறத்தைச் சரிபார்க்கிற செலவு என்று இழுத்துக்கொண்டே போகும். சாதாரணமாகவே இந்த விமானத்தை வைத்துப் பராமரிக்க வருடத்துக்கு 20 லட்சம் பவுண்டு அளவில் ஆகும். மறுபடி ஊர்மக்களிடம் கை நீட்டினார்கள். இந்தத் தடவை, எங்கள் தப்புதான், பையை எடுக்க மறந்துவிட்டோம் என்று சொல்லிவிட்டு!

யோசித்துப் பாருங்கள். "வயசாயிடுச்சு, எஞ்சின் தேஞ்சிடுச்சு" என்று கேட்பது வேறு. "நாங்க கோட்டை விட்டுட்டோம், நீங்க காசு குடுங்க" என்று கேட்பது வேறு. நம்மூரில் கோயில் தேர் அச்சு முறிந்தால், கமிட்டிக்காரர்கள் மழை மேலும் மரத்து மேலும்தான் பழி போடுவார்கள். இவர்கள் காரணத்தை உள்ளபடி சொன்னார்கள். ஜனங்கள் கொடுத்தார்கள். ஜூலையில் வல்கன் மறுபடி பறந்தது. அது வல்கன் பிறந்த 60-வது வருடம்.

இப்போது நண்பரின் மனைவி கேட்ட கேள்வி. இது நியாயமா?

பீட்டர் சிங்கர் என்ற தத்துவப் பேராசிரியர் இருக்கிறார். ஆஸ்திரேலியாக்காரர். 1972-ல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று ரொம்பப் பிரபலம். ஆழமில்லாத குளத்தில் ஒரு குழந்தை மூழ்கிக்கொண்டிருக்கிறது. நீங்கள் இறங்கினால் காப்பாற்றிவிடலாம், உடுப்பு சேறாகும், அவ்வளவுதான். இறங்குவீர்களா மாட்டீர்களா? இறங்குவேன் என்றால், எங்கோ தொலைதூரத்தில் பசியால் சாகிற குழந்தைக்கு ஏன் அதே சேற்றை ஏற்கமாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டார். 2013-ல் இன்னும் ஒரு படி மேலே போய், மியூசியத்துக்குப் புதுக் கட்டடம் கட்டக் கொடுக்கும் பணத்தையும், பார்வை போகாமல் தடுக்கக் கொடுக்கும் பணத்தையும் தராசில் வைத்து, மியூசியத்துக்குக் கொடுப்பது தப்பு என்றே எழுதினார். மியூசியத்துக்கே இந்தக் கதி என்றால் குண்டு விமானத்துக்கு?

சிங்கரோடு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. ஆனால் அவர் தராசை வீட்டுக்குள் கொண்டுவந்தால் வெள்ளிக்கிழமை பூ வாங்க முடியாது. பேத்திக்கு பலூன் வாங்க முடியாது. மனுஷன் சோற்றுக்கு மட்டும் செலவழிக்கிறவன் இல்லை. ஆகவே 'வீண் செலவு' என்ற குற்றச்சாட்டை மட்டும் வைத்து நண்பரைத் தண்டிக்க நான் தயாரில்லை.

எனக்கு உறுத்தியது வேறு. பூ, பலூன் சரி. ஆயுதத்தை நேசிக்கலாமா?

நேசிக்கிறோம், அதுதான் உண்மை. 1914 செப்டம்பர் 22-ம் தேதி ராத்திரி 'எம்டன்' என்ற ஜெர்மன் கப்பல் வந்து நம் மெட்ராஸ் மேல் குண்டு வீசிவிட்டுப் போயிற்று. எண்ணெய் டாங்குகள் எரிந்தன. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. நாம் என்ன செய்தோம்? கெட்டிக்கார ஆசாமிகளுக்கெல்லாம் அந்தப் பெயரையே வைத்தோம். "அவன் சரியான எம்டன்யா!" என்பதில் திட்டு பாதி, பாராட்டு பாதி. பயமுறுத்திய பொருளைப் பழக்கமான பொருளாக்கிக்கொள்வது மனுஷனுக்குக் கைவந்த கலை.

அந்தக் கலை எல்லை மீறியதும் உண்டு. ஹிரோஷிமாவில் குண்டு போட்டது பி-29 ரக விமானம். 1976-ல் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் ஹார்லிங்ஜென் நகரில் ஒரு விமானக் கண்காட்சி. பழைய பி-29 ஒன்றைப் பறக்கவிட்டு, ஹிரோஷிமா குண்டுவீச்சை நடித்துக் காட்டினார்கள். தரையில் வெடிவைத்துக் காளான் மேகம் வேறு! ஓட்டியது யார் தெரியுமா? ஹிரோஷிமாவுக்குப் போன அதே பால் டிபெட்ஸ். ஜப்பான் கொதித்தது. அமெரிக்க அரசாங்கம் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பழைய விமானத்தைத் தேடிக் கண்டுபிடித்துப் பறக்கவைத்ததும் ஆர்வலர்கள்தான். ஸ்பானர் பிடித்தவர்கள் கெட்ட எண்ணத்தில் பிடித்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த உழைப்பெல்லாம் போய்ச் சேர்ந்த இடம் அது.

மறுநாள் நண்பரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏன்யா கொடுத்தே?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். அவர் வார்டில் ஒரு கிழவர் இருந்தாராம். எழுபது தாண்டியவர். இளவயதில் வல்கன் மெக்கானிக். இப்போது டான்காஸ்டர் விமான நிலையம் இருந்த அதே இடம் அப்போது விமானப்படைத் தளம், வல்கன்கள் நின்ற இடம். கிழவர் அங்கே வேலை பார்த்தவர். ராத்திரி தூக்கம் வராமல் நண்பரிடம் பேசிக்கொண்டிருப்பாராம். "தினமும் துடைச்சு, எண்ணெய் போட்டு, ஒரு குறை இல்லாம ரெடியா வச்சிருப்போம். வச்சிட்டு, இது ஒருநாளும் கிளம்பக் கூடாதுன்னு வேண்டிக்குவோம். உலகத்துல எந்த மெக்கானிக்காவது இப்படி வேண்டியிருக்கானா?" என்று கேட்டாராம் கிழவர்.

"அவருக்காகத்தான் சார் குடுத்தேன். அந்தச் சத்தத்தை அவரு இன்னொரு தடவ கேக்கணும்னு தோணிச்சு. கிளம்பினாலும் பயமில்லாம கேக்கணும்னு."

இதைக் கேட்டபிறகு ஐம்பது பவுண்டை என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஆனாலும் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் அந்தப் பை.

இந்த விமானத்தைப் பார்த்துக்கொண்டவர்கள் ஏனோதானோ ஆட்கள் இல்லை. பைத்தியக்காரத்தனமான அன்போடு, உலகத்தில் பறக்கிற ஒரே வல்கன் என்ற பயத்தோடு பார்த்துக்கொண்டவர்கள். அவர்களே ஒரு பையை மறந்தார்கள். அப்படியானால் 1960-களில், கப்பு கப்பாக டீ குடித்துக்கொண்டு, ஷிப்டு மாற்றிக்கொண்டு, வீட்டில் குழந்தைக்கு ஜுரம் என்ற கவலையோடு, மஞ்சள் சூரியன்களின் பக்கத்தில் வேலை பார்த்தவர்களும் இதே மனுஷ ஜாதிதானே? அவர்களுக்கு மட்டும் மறதி கிடையாதா?

கிடையாது என்று சொல்ல வரலாறு இடம் தரவில்லை. 1961 ஜனவரியில் அமெரிக்காவின் வட கரோலினாவில், கோல்ட்ஸ்பரோ என்ற ஊருக்கு மேலே ஒரு பி-52 விமானம் நடுவானில் உடைந்தது. உள்ளே இரண்டு ஹைட்ரஜன் குண்டுகள். கீழே விழுந்தன. அதில் ஒன்று வெடிக்காமல் தடுத்தது கடைசியாக ஒரே ஒரு ஸ்விட்ச் என்று, 2013-ல் வெளியான பழைய அரசாங்கக் குறிப்பு ஒன்று சொல்கிறது. ஒரு ஸ்விட்ச்! நம் வீட்டில் மோட்டார் போட்டுவிட்டு மறந்து, டாங்க் நிரம்பி வழிகிறதே... அதைப் போட மறந்ததும் அணைக்க மறந்ததும் எத்தனை தடவை?

வல்கனிலேயே ஒரு சங்கதி. உள்ளே ஐந்து பேர். முன்னால் இரண்டு விமானிகள். பின்னால் மூன்று பேர், விமானம் போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஆபத்து வந்தால் நாற்காலியோடு தூக்கி வெளியே எறிகிற ஏற்பாடு விமானிகள் இரண்டு பேருக்கு மட்டும்தான். பின்னால் இருப்பவர்கள் எழுந்து, தரைக் கதவைத் திறந்து, குதிக்க வேண்டும். 1956 அக்டோபர் 1-ம் தேதி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லாம் சுற்றிவிட்டு லண்டன் ஹீத்ரோவுக்கு வெற்றிகரமாகத் திரும்பிய ஒரு வல்கன், மழையில் தரை தெரியாமல் மோதியது. முன்னால் இருந்த இரண்டு பேர் தப்பினார்கள். அவர்களில் ஒருவர் விமானப்படையின் பெரிய அதிகாரி. மற்ற நாலு பேர் செத்தார்கள். அதற்கப்புறமும் பின்னால் இருப்பவர்களுக்கு அந்த ஏற்பாடு வரவில்லை. கடைசிவரை வரவில்லை.

மேலே பறக்கிற முக்கோணத்தைப் பார்க்கும்போது இதெல்லாம் தெரியாது. ஊளைச் சத்தத்தில் கேட்காது. கீழே நிற்கிறவனுக்கு உடம்பு சிலிர்க்கும், கண்ணில் தண்ணீர் வரும், அவ்வளவுதான். ஆனால் உடைந்துபோன எஞ்சினைப் பார்த்தால் தெரியும். வளைந்த தகடுகள், பக்கத்தில் ஒரு கந்தல் பை. நான்கு நிமிடமும் மஞ்சள் சூரியனும் யாரை நம்பி இருந்தன என்பதை, பறந்தபோது சொல்லாத அந்த விமானம் நின்றுபோனபோது சொல்லிவிட்டது.

என்னிடம் உண்டியல் வந்திருந்தால் நானும் போட்டிருப்பேன். ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருப்பேன். புது எஞ்சின் மாட்டுங்கள், பறக்கவிடுங்கள், சந்தோஷம். உடைந்த எஞ்சினைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். கூட்டம் நிற்கிற வேலிக்குப் பக்கத்திலேயே, குழந்தைகள் தொட்டுப் பார்க்கிற உயரத்தில் வையுங்கள். அந்தப் பையையும் வையுங்கள். பின்னால் மூன்று ஸீட்டு எப்படி இருக்கிறதென்று ஒரு படமும். இது எதுவும் இல்லாமல் சத்தத்தை மட்டும் கேட்க வைத்தால், அதற்கும் ஹார்லிங்ஜென் வெடிக்கும் நடுவே தூரம் ரொம்ப அதிகமில்லை.

இதைத்தான் நண்பரின் மனைவியிடம் நீட்டி முழக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிண்ணே, அப்ப ஓடு?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

2015-ல் வல்கனின் கதை முடிந்தது. பணம் தீர்ந்து அல்ல. அதன் வடிவமைப்புக்கும் எஞ்சினுக்கும் தொழில்நுட்ப உத்தரவாதம் கொடுத்துவந்த கம்பெனிகள் இனி முடியாது என்று சொல்லிவிட்டன. இந்த விமானத்தை நன்றாகத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுக்கொண்டிருந்தார்கள். அக்டோபரில் இரண்டு நாள் நாடு முழுக்க ஒரு விடைபெறும் சுற்று. 28-ம் தேதி கடைசிப் பறத்தல்.

அந்தச் சுற்றில் பார்த்துவிட்டு வந்த அன்று நண்பரின் மனைவியே போன் செய்தார்.

"பாப்பாவையும் கூட்டிட்டுப் போயிருந்தோம்ணே. சத்தம் காதுல இல்ல, வயித்துக்குள்ள கேக்குது. பாப்பா ஒரே கைத்தட்டல். பக்கத்துல ஒரு பாட்டி அழுவுறாங்க. இவரும் கண்ணைத் துடைச்சிக்கிட்டாரு. அந்தக் கெழவர் போய்ச் சேந்துட்டாராம், போன வருஷமே."

"உனக்கு எப்படி இருந்துச்சும்மா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இவரு பின்னாடி மூணு ஸீட்டைப் பத்திச் சொன்னாரா... அது மேல போகும்போது அதே நெனப்பு. முன்னாடி என்ன வருதுன்னே அவங்களுக்குத் தெரியாதாமே?"

"தெரியாதும்மா" என்றேன். பேச்சை மாற்றலாம் என்று, "ஊர்ல நாத்தனார் வீட்டு ஓடு என்னாச்சு?" என்று கேட்டேன்.

"அது அந்த வருஷமே மாத்தியாச்சேண்ணே. என் ஓவர்டைம் காசுல."